கைத்தொழில் கேள்வி – பதில்: தேய்ந்த அரத்தில் ஒரு தீட்டுக்கோல்

கேள்வி: இறைச்சிக் கடையில் கத்தியை இருபுறமும் மாற்றி மாற்றி உரசுவதற்கு வைத்திருக்கும் தீட்டுக்கோலைப் போல ஒன்றை நானே அடித்துக்கொள்ள விரும்புகிறேன். வீட்டில் ஒரு சிறிய கரி உலை இருக்கிறது. கட்டடக் கம்பித் துண்டுகளும் தேய்ந்துபோன சில அரங்களும் கிடக்கின்றன. எதைப் பயன்படுத்தலாம்?
– வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: அரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தீட்டுக்கோல் கத்தியைவிடக் கடினமாக இருக்க வேண்டும் என்பதே இந்த வேலையின் அடிப்படை. சாதாரண சமையலறைக் கத்திகளின் கடினம் ராக்வெல் சி அளவுகோலில் பெரும்பாலும் 54 முதல் 58 வரை இருக்கும். நல்ல அரம் 62-ஐத் தாண்டும். அந்தக் கடினத்தைத் தருவது சம்மட்டி அடி அன்று, எஃகில் உள்ள கரிமமும் அதற்குக் கொடுக்கும் தோய்ச்சலுமே (பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைப்பதே தோய்ச்சல்). கட்டடக் கம்பியில் கரிமம் அதிகபட்சம் 0.3 விழுக்காடுதான் இருக்கும் என்பதால், அதை எவ்வளவு பழுக்கக் காய்ச்சி நீரில் அமிழ்த்தினாலும் கத்தியைத் தீட்டும் அளவுக்கு அது இறுகாது. அரத்தில் கரிமம் 1 விழுக்காட்டை ஒட்டியோ அதற்குச் சற்று மேலாகவோ இருக்கும்.

ஆனால் மலிவான அரங்கள் சிலவற்றில் மேல்தோல் மட்டுமே கடினமாக இருக்கும், உள்ளே மெத்தென்ற இரும்புதான். ஆகவே ஒரு முனையைச் சாணைச் சக்கரத்தில் ஆழமாகப் பிடித்துப் பொறியைக் கவனியுங்கள். கரிமம் மிகுந்த எஃகின் பொறிகள் சக்கரத்தை விட்டு வெளியேறியவுடனேயே கிளை கிளையாக வெடித்துக் கம்பி மத்தாப்பைப் போலச் சிதறும். மெத்தென்ற இரும்பின் பொறிகள் நீண்ட கோடுகளாக ஓடி, அபூர்வமாகவே கிளைக்கும்.

தேர்ந்தெடுத்த அரத்தை நன்றாகச் சிவக்கக் காய்ச்சி, உலர்ந்த சாம்பலுக்குள் புதைத்து இரவு முழுவதும் ஆறவிடுங்கள். மெதுவாக ஆறினால் எஃகு இளகும். அதன் பிறகு பற்கள் அனைத்தையும் அடித்தடம் வரை தேய்த்து எடுத்துவிட வேண்டும். பலரும் அவசரத்தில் இதை விட்டுவிடுகிறார்கள். பற்களோடு அடித்தால் அவை மடிந்து உள்ளே புதைந்து, தோய்க்கும்போது அந்த மடிப்புகளிலிருந்தே வெடிப்பு கிளம்பும்.

அடிக்கும்போது எஃகு ஆரஞ்சு நிறத்தில் இருக்கட்டும். வெள்ளை நிறம் வரை காய்ச்சிப் பொறி பறந்தால் எஃகு எரிந்துவிட்டது என்று பொருள். அந்தப் பகுதியை வெட்டி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. நிறம் மங்கிய சிவப்புக்கு இறங்கியதும் அடிப்பதை நிறுத்தி மீண்டும் உலையில் வையுங்கள். முதலில் சதுரமாக நீட்டி, பிறகு நான்கு விளிம்புகளையும் தட்டி எட்டுப் பட்டையாக்கி, கடைசியில் உருட்டி உருட்டித் தட்டினால் உருண்டைக் கோல் நேராக வரும். நேரடியாக உருட்ட முயன்றால் நடுவில் பிளவு விழக்கூடும். வேலை செய்யும் பகுதி 25 செ.மீ. நீளம் இருந்தால் வீட்டுக் கத்திகளுக்குப் போதும். பிடிக்குள் செருகுவதற்கு ஒரு முனையை வாலாக மெலித்துக்கொள்ளுங்கள்.

வடிவம் வந்தபின் கோலை நன்றாகச் சிவக்கக் காய்ச்சிக் காற்றில் ஆறவிடுவதை மூன்று முறை செய்தால், அடித்ததில் ஏற்பட்ட இறுக்கம் தளரும். அடுத்து, சொரசொரப்பான உப்புத்தாளால் நீளவாக்கில் மட்டும் தேயுங்கள். நீளவாக்கில் விழும் அந்த மெல்லிய கோடுகளே கத்தியின் வாயைப் பிடித்து நிமிர்த்தும். குறுக்கே கோடு விழுந்தால் கத்தி தடுக்கும்.

இனித் தோய்ச்சல். உலைக்குள் ஓர் இரும்புக் குழாயை வைத்து அதனுள் கோலைச் செருகினால் வெப்பம் சீராக ஏறும். குழாய் துத்தநாகப் பூச்சு உள்ளதாக இருக்கவே கூடாது. அதன் புகை காய்ச்சலையும் நெஞ்சு இறுக்கத்தையும் தரும். எஃகு சுமார் 770 டிகிரி செல்சியசில் காந்தத்தை விட்டுவிடும். காந்தம் ஒட்டாத நிலை வந்து, அதற்குச் சற்று மேல் சூடேறியதும், வெதுவெதுப்பான கடலை எண்ணெய் நிரம்பிய உயரமான இரும்புப் பாத்திரத்தில் கோலைச் செங்குத்தாக இறக்குங்கள். சாய்த்து இறக்கினால் வளைந்துவிடும். எண்ணெய் தீப்பற்றக்கூடும் என்பதால் பாத்திரத்துக்கு மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஆறியபின் வேறோர் அரத்தால் உரசிப் பாருங்கள்: அரம் வழுக்கினால் கோல் இறுகிவிட்டது. அரம் கடித்தால், கோலின் தடிமனுக்கு எண்ணெயின் குளிர்ச்சி போதவில்லை. மறுபடி காய்ச்சி உப்பு நீரில் தோய்க்க வேண்டியிருக்கும். அதில் வெடிப்பு விழும் வாய்ப்பு அதிகம் என்பதால் எண்ணெயை முதலில் முயல்வதே நல்லது.

இந்த நிலையில் கோல் கீழே விழுந்தாலும் உடைந்துவிடும். அன்றே அதை ஓவனில் 180 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எடுங்கள். கடினம் பெரிதாகக் குறையாமல் முறியும் தன்மை தணியும். வால் பகுதியை மட்டும், கோலின் உடலை ஈரத்துணியால் சுற்றிக்கொண்டு, நீல நிறம் ஓடும் வரை சூடாக்கினால் அது பிடிக்குள் முறியாது.

கேள்வி: தீட்டுக்கோலில் எவ்வளவு உரசினாலும் என் கத்தி தக்காளித் தோலைக்கூட வெட்டவில்லை. கோலில் குறையா?
– வாசகி, ஈரோடு

பதில்: கோலைவிடக் கத்தியின் மீதே எனக்குச் சந்தேகம். பயன்படுத்தும்போது கத்தியின் வாய் மெல்ல ஒரு பக்கம் சாய்கிறது. தீட்டுக்கோல் முக்கியமாக அந்தச் சாய்வை நிமிர்த்துகிறது. வாயே தேய்ந்து உருண்டுவிட்டால் நிமிர்த்துவதற்கு எதுவும் இல்லை, தீட்டுக்கல்லில் தேய்த்துப் புது வாய் எடுக்கத்தான் வேண்டும். அதன்பின் ஒவ்வொரு சமையலுக்கும் முன்பு, பக்கத்துக்கு நாலைந்து முறை, ஏறத்தாழ 20 டிகிரிச் சாய்வில், அழுத்தாமல் இழுத்தால் கல்லைத் தேடும் தேவை வெகுவாகக் குறையும். அழுத்தி உரசுவது வாயை மேலும் மடக்கும். 60-க்கு மேல் கடினமுள்ள ஜப்பானியக் கத்தி இருந்தால் அதைக் கோலில் வைக்காதீர்கள். வாய் துணுக்குத் துணுக்காக உதிரும்.

கேள்வி: அரிவாள்மனைக்கும் தீட்டுக்கோல் ஆகுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஆகும். அரிவாள்மனையின் அலகு எஃகுக் கத்தியைவிட மெத்தென்று இருந்தால் வாய் எளிதில் மடியும், அப்போது கோலின் பலன் கூடுதலாகவே தெரியும். அலகு அசையாது என்பதால் கோலைத்தான் நகர்த்த வேண்டும்: பலகையைத் தரையில் பக்கவாட்டில் படுக்கவைத்து முழங்காலால் அழுத்திக்கொண்டு, அலகின் வளைவை ஒட்டிக் கோலை அடியிலிருந்து நுனிக்கு, கை வாய்க்கு எதிரே வராதபடி இழுங்கள். துருப்பிடித்த அலகானால், துருவைச் செங்கல் தூளால் தேய்த்து எடுத்த பிறகே கோலைத் தொடவேண்டும்; இல்லையென்றால் கோலின் மெல்லிய கோடுகள் துருத்தூளால் அடைபட்டுவிடும்.