உண்மையாய் ஊழியம் செய்தவர்கள் முதுமையில் விழுவது ஏன்?

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. முப்பது, நாற்பது வருடம் உத்தமமாய் ஊழியம் செய்தவர்கள் கடைசிக் காலத்தில் ஏன் பாவத்தில் விழுகிறார்கள்? அவர்களிடம் கற்றுக்கொண்டதை என்ன செய்வது? எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த போதகரே அப்படி விழுந்தவர் என்பதால் இதைப் பல வருடமாய் யோசித்திருக்கிறேன்.

இதற்காக நான் திரும்பத் திரும்ப வாசிப்பது வேதாகமத்தில் 2 நாளாகமம் 14 முதல் 16 வரை, யூதாவை ஆண்ட ஆசா ராஜாவின் கதை. முதுமையில் விழுந்த சாலொமோனைப் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்டிருப்போம், ஆசாவைப் பற்றிக் குறைவு. பத்து லட்சம் பேர் எதிரே திரண்டபோது கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டவர். அசரியா என்ற தீர்க்கதரிசி வந்து பேசியதும் தேசத்திலிருந்த விக்கிரகங்களை அகற்றினார். விக்கிரகம் செய்து வைத்ததற்காகத் தாயையே ராஜாத்தி ஸ்தானத்திலிருந்து விலக்கினார். அவரேதான் 36ஆம் வருடத்தில் ஆலயப் பொக்கிஷத்தை எடுத்து சீரியா ராஜாவுக்கு அனுப்பி உதவி கேட்டார். அதையாவது பயத்தில் செய்தார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அனானி என்ற தீர்க்கதரிசி வந்து கண்டித்தபோது அவரைப் பிடித்துக் காவலறையில் போட்டார். ஜனங்களில் சிலரையும் அப்போது கொடுமைப்படுத்தினார் என்று எழுதியிருக்கிறது. ஒரு காலத்தில் தீர்க்கதரிசி சொல் கேட்டு நாட்டையே திருத்தியவரால், இப்போது ஒரு கண்டிப்பைக்கூடத் தாங்க முடியவில்லை.

ரவி சகரியாஸ் விஷயத்தில் எனக்கு மிகவும் வலித்ததும் இந்த இடம்தான். 1946இல் சென்னையில் பிறந்து உலகமெங்கும் கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றிப் பேசியவர். 2017இல் கனடாவைச் சேர்ந்த ஒரு பெண் புகார் சொன்னபோது அந்தப் பெண்மேலேயே வழக்குப் போட்டார். வெளியே பேசக் கூடாது என்ற ஒப்பந்தத்தோடு அது முடிந்தது. அவருடைய நிறுவனமும் அவர் சொன்னதையே நம்பியது. 2020 மே மாதம் அவர் இறந்தார். நிறுவனமே அமர்த்திய வழக்கறிஞர்களின் அறிக்கை 2021 பிப்ரவரியில் வந்தது: மசாஜ் செய்ய வந்த பெண்கள் பலரிடம் வருடக்கணக்கில் தவறாக நடந்திருக்கிறார். 2017இல் புகார் சொன்ன அந்தப் பெண் சொன்னது உண்மை என்று நிர்வாகக் குழு ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஆகவே அவர் வயதான பிறகு விழுந்தார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நமக்குத் தெரியவந்ததுதான் தாமதம்.

அமெரிக்க சுவிசேஷகர் பில்லி கிரஹாம் 1948இலேயே கலிஃபோர்னியாவில் மொடெஸ்டோ என்ற ஊரில் தன் குழுவோடு உட்கார்ந்து சில தீர்மானங்கள் எடுத்தார். பணம், மனைவியல்லாத பெண்ணோடு தனியாக இருப்பது, கூட்டத்தின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வது, இவற்றில் எல்லாம் தங்களுக்குத் தாங்களே வேலி போட்டுக்கொண்டார்கள். அப்போது அவருக்கு வயது முப்பதையொட்டித்தான். யாரும் சந்தேகப்படாத வயதில் போட்ட வேலி அது.

எங்கள் போதகர் ஆரம்பத்தில் மாதாமாதம் காணிக்கைக் கணக்கை எழுதி ஆலயக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டுவார். எப்போது நிறுத்தினார் என்று எங்களில் யாருக்கும் ஞாபகமில்லை. ஒருநாள் சபைக் கூட்டத்தில் ஒரு அண்ணன் எழுந்து கட்டிட நிதிக்கு என்ன ஆனது என்று மரியாதையாய்த்தான் கேட்டார். "கர்த்தர் அபிஷேகம் பண்ணினவர்களைத் தொடாதே" என்று பதில் வந்தது. கூட்டம் ஆமென் சொன்னது. நானும் சொன்னேன். அந்த நிதியில் நிலம் வாங்கி மகன் பெயரில் பதிந்திருந்தது பின்னால்தான் தெரிந்தது.

சரி, அவரிடம் கற்றதை என்ன செய்வது? ஞானஸ்நானத்தை நான் மறுபடி எடுக்கவில்லை. கொடுத்தவருக்காக அதை எடுக்கவில்லையே. அவர் சொல்லிக்கொடுத்தபடி இன்றும் விடியற்காலையில் எழுந்து ஜெபிக்கிறேன். ஆனால் கேள்வி கேட்ட அந்த அண்ணன் அடுத்த ஞாயிறிலிருந்து ஆலயத்துக்கு வரவே இல்லை. அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க எனக்கு ஆறு வருடம் ஆனது.