காரின் பின்னால் பேட்டரி: 350 ரிங்கிட் தகுமா?

கேள்வி: என் மகன் பழைய புரோட்டோன் வீரா 1.5 வைத்திருக்கிறான். பின் பூட்டில் (சாமான் வைக்கும் இடத்தில்) பேஸ் அடிக்கும் சப்வூஃபரும் அதற்குச் சக்தி தரும் ஆம்பிளிஃபயரும் போட்டிருக்கிறான். சத்தத்தைக் கூட்டினால் முன்விளக்கு மங்கி மங்கி எரிகிறது. பேட்டரியைப் பின் பூட்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும், கேபிள், பெட்டி, கூலி எல்லாம் சேர்த்து 350 ரிங்கிட் என்கிறார் பட்டணத்து ஆடியோ கடைக்காரர். தோட்டத்துச் செம்மண் ரோட்டில் தினமும் ஓடும் கார். மாற்றலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: விளக்கு மங்குகிறது என்பதற்காக என்றால் வேண்டாம் ஐயா.

ஓடும் காருக்கு மின்சாரம் தருவது, என்ஜின் பெல்ட்டால் சுற்றும் ஆல்டர்னேட்டர். பேட்டரி என்ஜினை எழுப்பிவிட்டு, அப்புறம் பெரும்பாலும் தான் சார்ஜ் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பேஸ் அடிக்கும் நொடியில் ஆல்டர்னேட்டரால் கொடுக்க முடிந்ததைவிட அதிகமாக ஆம்பிளிஃபயர் இழுத்தால் வோல்டேஜ் இறங்கும், விளக்கு மங்கும். பேட்டரி எங்கே இருந்தாலும் ஆல்டர்னேட்டர் அதேதான். ஆம்பிளிஃபயருக்குப் பக்கத்தில் பேட்டரி வந்துவிடும் என்பது உண்மை. ஆனால் அது ஆல்டர்னேட்டரை விட்டு நாலைந்து மீட்டர் தள்ளிப் போய்விடுமே, அதைக் கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார்.

முதலில் உங்கள் ஃபோர்மனிடம் (மெக்கானிக்கிடம்) வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டினால் நல்லது. விளக்கு, ஏர்கோண்ட், பாட்டு மூன்றையும் போட்டதும் 13க்குக் கீழே போனால் கோளாறு ஆல்டர்னேட்டரிலோ தளர்ந்த பெல்ட்டிலோ இருக்கும். என்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயதுக் காரில் அது பச்சை பூத்துப் போயிருந்தால் ஆச்சரியமில்லை. அதை மாற்ற 350 ரிங்கிட் ஆகாது.

பேட்டரியைப் பின்னால் வைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பி.எம்.டபிள்யூ பல மாடல்களிலும் பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 காரிலும் தொழிற்சாலையிலேயே பின் பூட்டில்தான் வைத்தார்கள். எடையைப் பின்னால் கொண்டுபோவது, போனட் சூட்டிலிருந்து பேட்டரியைக் காப்பது, பெரிய என்ஜினுக்கு இடம் பண்ணுவது என்று அதற்குக் காரணங்கள் உண்டு. உங்கள் வீராவுக்கு அதில் எதுவும் பொருந்தவில்லை. பத்துப் பன்னிரண்டு கிலோவை முன்னிருந்து பின்னுக்கு நகர்த்தியதை உங்கள் செம்மண் ரோட்டில் யாரும் உணரப்போவதில்லை.

இவ்வளவு சொல்லியும் தம்பி பிடிவாதமாக இருந்தால், கடைக்காரரிடம் கேபிளைப் பற்றித்தான் துருவிக் கேட்க வேண்டும். இந்த அளவு என்ஜினைச் சுற்ற ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் ஐந்து மீட்டர் என்றால் வழியிலேயே 0.8 வோல்ட் போய்விடும். அதே நீளம் 50 சதுர மில்லிமீட்டரில் கால் வோல்ட்தான் போகும். மெல்லிய கேபிளைப் போட்டுவிட்டு, மழைக்காலக் காலையில் கார் எழவில்லை என்று பேட்டரியைக் குறை சொல்வார்கள்.

இன்னொரு தந்திரமும் உண்டு. மலிவான ஆடியோ கேபிள் பல, அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியவை. வெளியே தடியாக, பளபளவென்று இருக்கும், உள்ளே பாதி ரப்பர். முழுச் செம்பில் மூன்றில் இரண்டு பங்கு மின்சாரத்தைக்கூட அது ஒழுங்காகக் கடத்தாது. நுனியை வெட்டச் சொல்லி, ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் சிவப்பாக இருந்தால் செம்பு. மேலே சிவந்து உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம், வாங்க வேண்டாம்.

ஃபியூஸ் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. போனட்டுக்குள் இருந்தபோது ஸ்டார்ட்டருக்குப் போன கேபிள் குட்டையானது. இப்போது அது காரின் முழு நீளத்துக்கும் கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடும். எங்காவது ரப்பர் தேய்ந்து தகட்டில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து கேபிள் பழுக்கக் காய்ந்துவிடும், கார்ப்பெட் பற்றிக்கொள்ளும். ஆகவே பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் 200 அல்லது 250 ஆம்பியர் ஏஎன்எல் ஃபியூஸ் (பெரிய மின்னோட்டத்துக்கான தகட்டு ஃபியூஸ்) இருக்க வேண்டும். ஆடியோ செட்டோடு வரும் 60, 80 ஆம்பியர் ஃபியூஸ் இதற்கு ஆகாது, ஸ்டார்ட் அடிக்கும்போதே போய்விடலாம். தகட்டைத் துளைத்துப் போகும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் வளையம், வழி நெடுக நெளிகுழாய் கேளுங்கள். செம்பனைத் தோட்டத்து எலிகள் வயரைக் கடிக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பூட்டில் ஆணிக்குத் துளை போடும் முன் அடியில் பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள், பார்க்காமல் துளைப்பவர்கள் உண்டு.

பேட்டரியை இரும்புப் பட்டையால் பாடியோடு முடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பெட்டியும் ரப்பர் வாரும் குழி ரோட்டுக்குத் தாங்காது. முனைகளுக்கு மூடி கட்டாயம். குலை அறுக்கும் அரிவாளையும் எரிவாயு தோம்பையும் (சிலிண்டரையும்) அதே பூட்டில் போடுகிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அரிவாள் இரண்டு முனைகளையும் தொட்டால் போதும், தீப்பொறி பறக்கும். பக்கத்தில் கசியும் தோம்பு இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இந்தக் காரில் இனி தோம்பு ஏற்றக்கூடாது.

எல்லாவற்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்: ‘முழுச் செம்பு, 50 சதுர மில்லிமீட்டர்’ என்று. எழுத மறுக்கிற கடையில் வேலை கொடுக்காதீர்கள். எழுதிக் கொடுத்துவிட்டு அலுமினியத்தைப் போட்டிருந்தால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். பொதுவாக வக்கீல் அங்கே வாதாட முடியாது, நீங்களே பேசலாம். மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

கேள்வி: பழைய கஞ்சில் கார் ஒன்றைத் தெரிந்தவரிடம் வாங்கினேன். பேட்டரி பின்னால் பிளாஸ்டிக் பெட்டியில் இருக்கிறது. ஓட்டும்போது அழுகிய முட்டை வாடை அடிக்கிறது. பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறேன். ஆபத்தா?
– ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: ஆமாம் சகோதரி, ஆபத்துதான். பிள்ளைகளை ஏற்றுவதை இன்றே நிறுத்துங்கள். அந்த வாடை பெரும்பாலும் அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து வருவது. அதோடு ஹைட்ரஜனும் வெளியேறும். காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே தீப்பொறியில் வெடிக்கும். கஞ்சிலுக்குத் தனிப் பூட் கிடையாது, பின் சீட்டுக்குப் பின்னால் இருப்பதும் நீங்கள் உட்காரும் அதே அறைதான். ‘மெயின்டனன்ஸ் ஃப்ரீ’ என்று எழுதியிருந்தாலும் அந்த பேட்டரியில் வாயு வெளியேறும் துளை உண்டு.

கண்ணாடிகளை இறக்கிவிட்டு, கதவுகளைத் திறந்து வைத்துக் காற்றாட விடுங்கள். வாடை இருக்கும்வரை பேட்டரி வயரைக் கழற்றவோ பக்கத்தில் சிகரெட் பற்றவைக்கவோ கூடாது. காற்றாடியபின் ஃபோர்மன் வோல்டேஜைப் பார்க்கட்டும். 15ஐத் தொட்டால், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் போய்விட்டது. அதைச் சரி செய்தபின் பேட்டரியைப் பழைய இடத்துக்கே, போனட்டுக்குள் கொண்டுபோகச் சொல்லுங்கள். வெந்துபோன பேட்டரியைத் திரும்பப் போடாதீர்கள், புதிதாக ஒரு என்எஸ்40 அளவு பேட்டரி வாங்கிவிடுங்கள்.

விற்றவர் கார் வியாபாரி இல்லை, தெரிந்த தனி ஆள் என்பதால் நடுவர் மன்றம் இதை எடுக்காது. பேட்டரி, ரெகுலேட்டர் ரசீதுகளைக் காட்டி அவரிடமே பாதியைக் கேட்டுப் பாருங்கள்.