மாநிலம் சரி என்றாலும், ஊர் சொல்ல வேண்டும்

கே: கலிபோர்னியாவில் கஞ்சா விற்பது சட்டப்படி சரி என்கிறார்கள். என் மகள் இருக்கும் ஊரில் ஒரு கடைகூடக் கிடையாதாமே?

ப: மகள் சொல்வது சரிதான். 2016-ல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 64-வது முன்மொழிவு, 21 வயது நிரம்பியவர்கள் கஞ்சா பயன்படுத்த அனுமதி தந்தது. ஆனால் கடை வேண்டுமா என்ற முடிவை நகராட்சிகளிடமும் கவுண்டிகளிடமும் (நம்மூர் மாவட்டம் போன்றவை) விட்டுவிட்டது. ஊர் மறுத்தால் மாநில உரிமமும் கிடையாது. அனுமதிக்கும் ஊரிலும் பள்ளிக்கூடத்திலிருந்து 600 அடி தள்ளித்தான் கடை. அந்தத் தூரத்தையும் ஊர் மாற்றிக்கொள்ளலாம். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது, கடைவாசலில் குடியிருப்பவருக்குத்தானே அவஸ்தை? வேடிக்கை என்னவென்றால், கடையையே தடை செய்யும் நகராட்சியால், வீட்டுக்குள் ஆறு செடி வளர்ப்பதை அடியோடு தடுக்க முடியாது. வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் தடுக்கலாம்!