ஜனாஸா எரிப்பும் ஒத்துழைப்பும்

கேள்வி: கொவிட் காலத்தில் சமயம், வழக்கம் என்று பிடிவாதம் பிடித்த மக்கள் சுகாதாரப் பகுதியினருடன் ஒத்துழைக்கவில்லை. அடுத்த பெருந்தொற்றின்போதாவது பண்பாட்டைப் பார்க்காமல் கடுமையான சட்டத்தால் கட்டுப்படுத்துவதுதானே சரி? (வாசகர், கல்லடி)

பதில்: சரியல்ல. தாங்கள் சொல்லும் ஒத்துழையாமை மக்களின் வழக்கத்தினால் வந்ததா, அரசு நடந்துகொண்ட முறையினால் வந்ததா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கொவிட் தொற்றினால் இறந்தவர்களைப் புதைக்கவும் எரிக்கவும் முடியும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தது. ஆயினும் 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான இலங்கை அரசின் வர்த்தமானி தகனத்தை மட்டுமே அனுமதித்தது; உடலைப் புதைப்பதையே மார்க்கக் கடமையாகக் கொண்ட முஸ்லிம்களுக்கும் அது பொருந்தியது. நிலத்தடி நீர் மாசடையும் என்று கூறப்பட்ட காரணத்துக்கு அறிவியல் ஆதாரம் இருக்கவில்லை. நாட்டின் மருத்துவர் சங்கங்களே பின்னர் அடக்கத்தை அனுமதிக்கலாம் என்று எடுத்துரைத்தன. பிறந்து 20 நாளேயான குழந்தையொன்றும் அவ்வாண்டு டிசம்பரில் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. இறந்தால் ஜனாஸாவை, அதாவது இறந்தவரின் உடலைக்கூடத் தரமாட்டார்கள் என்று அஞ்சும் குடும்பம், மூச்சுத்திணறும் தந்தையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகத் தயங்காதா? அந்தத் தயக்கத்தைப் பிடிவாதம் என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

2021 பெப்ரவரி 25ஆம் திகதி வர்த்தமானி திருத்தப்பட்ட பின்னர், நமது மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடி மஜ்மா நகரில் மார்ச் முதல் வாரத்தில் அடக்கம் தொடங்கியது. ஓராண்டுக்குள் 3,000க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கப்பட்டனர். அவர்களில் பிற சமயத்தவர்களும் இருந்தனர். தமது ஊர் மையவாடியில் அடக்க முடியாத குடும்பங்கள் இலங்கையின் தூர மாவட்டங்களிலிருந்தெல்லாம் அங்கு வந்தன.

இதே தவறு வேறு நாட்டிலும் நடந்தது. 2014இல் எபோலா பரவியபோது லைபீரிய அரசு தலைநகர் மொன்றோவியாவில் தகனத்தைக் கட்டாயமாக்கியது. மக்கள் நோயாளரையும் சடலங்களையும் மறைத்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் கிறிஸ்தவ, இஸ்லாமிய மதத் தலைவர்களோடு சேர்ந்து உருவாக்கப்பட்ட, பாதுகாப்பும் மரியாதையும் இணைந்த அடக்க முறைதான் சுகாதாரப் பணியாளர்களை வீட்டுக்குள் வரவிட்டது.

பண்பாடு தடையென்று எண்ணுவோர் நம் வீடுகளையே பார்க்கலாம். அம்மாள் வருத்தம் (அம்மை நோய்) கண்டவரைத் தனி அறையில் இருத்தி, வாசலில் வேப்பிலை கட்டி, வெளியார் வருவதை நிறுத்தும் வழக்கம் மட்டக்களப்பில் இன்றுமுண்டு. தனிமைப்படுத்தல் நமக்குப் புதிதல்ல. ஆயுதம் தாங்கியவர்கள் வீதியில் நின்று அதை நடத்தியபோதுதான், போர்க்காலச் சுற்றிவளைப்பை மறவாத மக்களுக்கு அது வேறாகத் தெரிந்தது.

ஆகவே கடுமை வேண்டுமென்றால் அது அரசின் மீதே வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பள்ளிவாசல் நிருவாகம், கோயில் வண்ணக்கர்மார் (நிருவாகிகள்), பங்குத்தந்தை, கிராம உத்தியோகத்தர் ஆகியோர் நோய் வருவதற்கு முன்னரே பிரதேச செயலகத்தில் ஒன்றாக உட்கார்ந்து, அடக்கம், திருவிழா, தொழுகை ஆகியவற்றுக்கான ஒழுங்குகளைத் தீர்மானிக்க வேண்டும். 2024 ஜூலையில் அமைச்சரவை கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது வரவேற்கத்தக்கதே. ஆனால் எந்தச் சான்றின் மேல், யாருடைய ஆலோசனையில் அந்த வர்த்தமானி பிறந்தது என்பதையும் அரசு முழுமையாக வெளியிட வேண்டும். அதுவரை மக்களின் சந்தேகத்துக்கு விடை சொல்லும் பாரம், அடுத்த தொற்றின்போது ஓட்டமாவடியிலும் காத்தான்குடியிலும் வீடுவீடாகச் செல்லும் பரிசோதகரின் தலையில்தான் விழும்.