உப்புநீர் ஏற்றினாலும் கார்பன் குறையும்!

கேள்வி: சாசேஜ், ஹாம் தயாரிக்கும் ஒரு நிறுவனம், 'ஒரு கிலோவுக்கான கார்பன் உமிழ்வை 20 சதவீதம் குறைத்துவிட்டோம், 2040-க்குள் நெட் ஜீரோ (நிகர உமிழ்வு பூஜ்யம்)' என்று விளம்பரம் செய்கிறது. ஆலைக் கூரை நிறைய சோலார் தகடுகள் இருக்கும் படமும் உண்டு. நம்பி வாங்கலாமா? இல்லை, பேசாமல் சிக்கன் சாசேஜுக்கு மாறிவிடட்டுமா?

பதில்: ருசிக்காக என்றால் தாராளமாக வாங்குங்கள். கார்பனுக்காக என்றால், அந்த 20 சதவீதம் எதை எதால் வகுத்து வந்தது என்று முதலில் கேளுங்கள்.

கூரையிலிருந்தே தொடங்குவோம். இறைச்சி ஆலையில் மின்சாரத்தைப் பெரிதும் விழுங்குவது குளிரூட்டும் இயந்திரங்கள். அதில் ஒரு பங்கைச் சோலார் தரும், சரி. வெந்நீருக்கும் நீராவிக்கும் எரிகிற பாய்லரை அது தொடாது. குளிர்பதன வாயு கசிவதையும் நிறுத்தாது. ஆர்-404ஏ வாயுவில் ஒரு கிலோ கசிந்தால் ஏறக்குறைய 3,900 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். 50 கிலோ கசிந்தால் 196 டன். அமோனியாவுக்கு மாறினால் கசிவால் வரும் இந்த உமிழ்வுக் கணக்கு பூஜ்யமாகிவிடும். ஆனால் அது நச்சு வாயு, பாதுகாப்பு ஏற்பாடு தனியாக வேண்டும். கூரையைப் படம் எடுப்பவர்கள் இயந்திர அறைப் பக்கம் ஏனோ போவதில்லை.

இத்தனையும் சேர்ந்தாலும் மொத்தத்தில் சிறு பங்குதான். பெரும்பங்கு ஆலையின் வாசலுக்கு வெளியே உருவாகிறது: மாடு அசைபோடும்போது வெளிவரும் மீத்தேன், பண்ணைக் கழிவுக் குழிகள், தீவனப் பயிருக்கு இடும் உரத்திலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு, சோயாவுக்காகவும் மேய்ச்சலுக்காகவும் அழித்த காடு. கணக்கில் இதற்குப் பெயர் ஸ்கோப் 3. விளம்பரத்தில் சொல்லும் குறைப்பு ஸ்கோப் 1, 2-க்கு (ஆலையின் நேரடி உமிழ்வு, வாங்கும் மின்சாரத்தின் உமிழ்வு) மட்டும் என்றால், மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

'ஒரு கிலோவுக்கு' என்பதில்தான் வித்தை. 100 கிலோ பன்றி இறைச்சியில் 20 கிலோ உப்புநீரை ஊசி வழியே ஏற்றினால் எடை 120 கிலோ. பண்ணையில் ஒரு கிராம் வாயுகூடக் குறையவில்லை. ஆனால் கிலோவுக்கான உமிழ்வு கிட்டத்தட்ட 17 சதவீதம் இறங்கிவிடும். (வேகும்போது கொஞ்சம் நீர் வெளியேறும் என்பது வேறு விஷயம்.) ஸ்டார்ச்சும் சோயாப் புரதமும் சேர்த்தாலும் எண் இதே திசையில்தான் போகும். அடுத்தது உற்பத்தி. கிலோவுக்கு 20 சதவீதம் குறைந்து, விற்பனை 30 சதவீதம் கூடினால், 0.8-ஐ 1.3-ஆல் பெருக்குங்கள்: மொத்த உமிழ்வு 4 சதவீதம் ஏறியிருக்கும். வளிமண்டலத்துக்குத் தெரிவது மொத்தம் மட்டுமே.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு விலங்கின் உமிழ்வை இறைச்சி, தோல், கொழுப்பு என்று எடைப்படியும் பிரிக்கலாம், விலைப்படியும் பிரிக்கலாம். சாசேஜுக்குப் போவது விலை மலிந்த துண்டு துணுக்குகள். விலைப்படி பிரித்தால் பாரம் ஸ்டேக் வாங்குபவர் தலைக்குப் போய்விடும். இரண்டுமே ஏற்கப்பட்ட முறைகள்தாம். நடுவில் முறையை மாற்றிக்கொண்டு, ஒப்பிடும் அடிப்படை ஆண்டின் எண்ணைத் திருத்தாமல் விடுவதுதான் தப்பு.

2040 என்ற ஆண்டு எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? பிரேசிலின் ஜேபிஎஸ் 2021-இல் இதே வாக்கைத் தந்தது. நிறைவேற்றத் திட்டம் இல்லாமலே நுகர்வோரிடம் அப்படிச் சொல்வதாக அதன் அமெரிக்கப் பிரிவின் மீது நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் லெட்டீஷியா ஜேம்ஸ் 2024 பிப்ரவரியில் வழக்குப் போட்டார். 2025 நவம்பரில் 11 லட்சம் டாலருக்குச் சமரசமானது. டென்மார்க்கில் டேனிஷ் கிரவுன் தன் பன்றி இறைச்சிக்கு ஒட்டிய 'காலநிலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது' என்ற முத்திரை, நுகர்வோரைத் தவறாக வழிநடத்துகிறது என்று 2024 மார்ச்சில் நீதிமன்றம் சொன்னது.

உருப்படியான திட்டம் என்றால் விவசாயிக்குப் பணம் போகும் வழி அதில் எழுதியிருக்கும். பால் மாடுகளில் 3-என்ஓபி என்ற தீவனச் சேர்க்கை மீத்தேனைச் சுமார் 30 சதவீதம் குறைக்கிறது. ஆனால் அதைத் தினமும் தீவனத்தில் கலந்தாக வேண்டும். மேய்ச்சல் நிலத்தில் திரியும் மாட்டுக்கு எப்படிக் கலப்பது? கழிவுக் குழிக்கு மூடி போடவும் வாயுவைப் பிடிக்கவும் முதலீடு வேண்டும். மாடும் குழியும் நிறுவனத்தின் சொத்து அல்ல. கொள்முதல் ஒப்பந்தத்தில் இதற்கென்று கூடுதல் விலை இல்லாவிட்டால், 2040 வெறும் தேதி. நிறுவனங்களின் காலநிலை இலக்குகளைச் சரிபார்க்கும் எஸ்பிடிஐ அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நிலம் சார்ந்த உமிழ்வுக்குத் தனி இலக்கு வைக்கச் சொல்கிறது. அந்த இலக்கு அறிக்கையில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

சிக்கனுக்கு மாறுவதா? ஆய்வாளர்கள் பூர், நெமெசெக் இருவரும் 2018-இல் வெளியிட்ட உலக சராசரியில், ஒரு கிலோ இறைச்சிக்கான உமிழ்வு (கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான அளவில்) இறைச்சி மாட்டுக்குச் சுமார் 99 கிலோ, பன்றிக்கு 12, கோழிக்கு 10. பன்றியிலிருந்து கோழிக்குத் தாவினால் மிச்சம் அற்பம். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள்: மாட்டிறைச்சி 20 சதவீதம், பன்றி 80 சதவீதம் என்ற கலவையில், உமிழ்வில் அந்த 20-இன் பங்கு சுமார் 20 கிலோ, 80-இன் பங்கு 10 கிலோகூட வராது.