பயணப் படங்கள்: காசை எதில் போடுவது?

கேள்வி: அடுத்த மாதம் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு பத்து நாள் பயணம் போகிறோம். அப்பாவுக்கு 75 வயது. இப்படி இன்னொரு பயணம் வாய்க்குமா, தெரியவில்லை. அதனால் மிரர்லெஸ் கேமரா (லென்ஸை மாற்றிக்கொள்ளக்கூடிய வகை) ஒன்று வாங்க நினைக்கிறேன். கையில் இருப்பது மூன்று வருடம் ஆன போன். வாங்கலாமா?

பதில்: இந்தப் பயணத்துக்காக வேண்டாம். புதுக் கேமரா கைக்குப் பழகச் சில வாரங்களாவது பிடிக்கும். பழகாமல் எடுத்துப் போனால் அப்பாவைப் பார்க்க வேண்டிய நேரத்தில் மெனுவைத் துழாவிக்கொண்டிருப்பீர்கள்.

பகல் வெளிச்சத்தில் போனே போதும். 12 மெகாபிக்சல் படம் என்றால் 4000க்கு 3000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்குப் போட்டாலும் 13 அங்குல அகலத்துக்குத் தெளிவாகப் பிரிண்ட் போடலாம். போன் திணறுவது மங்கிய வெளிச்சத்தில் அசைபவர்களை எடுக்கும்போதும், தூரத்தில் இருப்பவற்றை எடுக்கும்போதும்தான். டிஜிட்டல் ஜூம் என்பது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது, அவ்வளவுதான். பறவைகள், விலங்குகள், மேடை நிகழ்ச்சிகள் என்று தொடர்ந்து எடுக்கப் போகிறீர்கள் என்றால் கேமரா வாங்குங்கள், ஆனால் நிதானமாக, அடுத்த பயணத்துக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் லிண்டா ஹென்கெல், மாணவர்களை ஒரு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய்ச் சில பொருட்களைப் படம் எடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார். படம் எடுத்த பொருட்கள்தான் அவர்களுக்குக் குறைவாக நினைவிருந்தன. ஆனால் ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாக எடுத்தபோது அந்தக் குறை தெரியவில்லை. 2014இல் வெளியான ஆய்வு இது. நின்று, பார்த்து, கிட்டே போய் எடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

என் அம்மாவோடு போன பயணத்தில் நானூறு சொச்சம் படங்கள் எடுத்தேன். இன்று நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருக்கிறார். மூக்கின் இரு பக்கமும் கண்ணாடி அழுத்திய தழும்பு தெரிகிறது. படம் லேசாக ஆடிப்போயிருக்கிறது. எனக்கு அது போதும். அவர் குரலைப் பதிவு செய்யவில்லையே என்ற வருத்தம் மட்டும் தீரவில்லை. நீங்கள் அப்பாவைப் பேச விட்டு இரண்டு மூன்று வீடியோவாவது எடுத்துவிடுங்கள்.

மிச்சமாகும் பணத்தில் ஒரு ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். திரும்பி வந்ததும் ஐம்பது படங்களைப் பொறுக்கி ஆல்பம் போடுங்கள். எந்த இடம், என்ன தேதி, படத்தில் யார் யார் என்பதை அப்பாவையே சொல்லச் சொல்லிக் கீழே எழுதி வையுங்கள்.

கேள்வி: 512 ஜிபி மெமரி கார்டு ஒன்று மலிவாகக் கிடைத்தது. பயணத்தின் முதல் இரண்டு நாள் படங்கள் நன்றாக இருக்கின்றன. அதற்கு அப்புறம் எடுத்தவை பாதி சாம்பல் நிறமாகத் தெரிகின்றன, பல திறக்கவே இல்லை. மீட்க முடியுமா?

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால் போலிக் கார்டாகத்தான் இருக்க வேண்டும். இவற்றில் உள்ளே 32 ஜிபியோ 64 ஜிபியோதான் இருக்கும். 512 என்று பொய் சொல்லும்படி கார்டின் கட்டுப்பாட்டுச் சிப்பை மாற்றியிருப்பார்கள். உண்மையான இடம் நிரம்பியதும் புதிதாக எழுதுவது காணாமல் போகும், அல்லது பழையதன் மேலேயே விழும். அதுவரை எல்லாம் ஒழுங்காக நடப்பது போலவே இருக்கும் என்பதுதான் கொடுமை.

அந்தக் கார்டில் இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள். திறக்கிற படங்களை முதலில் நகல் எடுத்துக்கொண்டு, போட்டோரெக் (PhotoRec) என்ற இலவச மீட்பு மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். கார்டில் பதியாமலே போனவற்றை யாராலும் மீட்க முடியாது. முழுதாக மீட்டுத் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம்.

இனி எந்தக் கார்டு வாங்கினாலும் பயணத்துக்கு முன்பே சோதியுங்கள். விண்டோஸ் என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற மென்பொருள். மேக் அல்லது லினக்ஸ் என்றால் எஃப்3 (F3). இரண்டும் இலவசம். கார்டு முழுவதையும் எழுதி நிரப்பி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். மணிக்கணக்கில் ஆகும், இரவில் ஓட விட்டுத் தூங்கப் போகலாம். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்தால், பில்லோடு சோதனை முடிவின் ஸ்கிரீன்ஷாட்டையும் காட்டிப் பணத்தைக் கேட்கலாம். அப்புறம், பெரிய கார்டு ஒன்றுக்குப் பதில் 64 ஜிபி கார்டுகள் சில வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று போனாலும் பயணம் முழுவதும் போகாது.

கேள்வி: என் படங்கள் எல்லாம் கிளவுடில் (இணையச் சேமிப்பில்) இருக்கின்றன. ஹார்டு டிஸ்க் வேறு எதற்கு?

பதில்: போனும் கிளவுடும் இணைந்திருந்தால், போனில் அழிப்பது அங்கேயும் அழியும். கூகுள் தரும் இலவச 15 ஜிபியை உங்கள் மெயிலும் பங்கு போட்டுக்கொள்கிறது. இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்கை அவர்கள் நீக்கவும் செய்யலாம். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில் என்பது நல்ல வழக்கம். டிஸ்க்கைப் பெட்டியில் போட்டு மறந்துவிடாமல், வருடம் ஒரு முறை கம்ப்யூட்டரில் செருகி நாலு படங்களைத் திறந்து பாருங்கள். உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்பினால் படம் சுருங்காமல் போய்ச் சேரும்.