மாந்தோப்பு, வாக்குத்தத்த அட்டை, போர்வெல்: விசுவாசம் பற்றிய கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. பதில் எழுதுகிற நான் போதகர் அல்ல. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது தர்மபுரியில் வேதபாட வகுப்பு எடுக்கிறவன். கடவுளை நம்பி நடப்பதைப் பற்றி வேதம் என்ன சொல்கிறது என்பது வரைக்கும்தான் என் எல்லை. வரன், விசா, தீர்க்கதரிசனம் என்னிடம் வேண்டாம். ஒரே நிபந்தனை: எந்த வசனத்தைக் காட்டிக் கேட்டாலும் அதற்கு மேலே பத்து, கீழே பத்து வசனம் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி (காவேரிப்பட்டணம்): தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) ஒரு வருஷமும் தவறியதில்லை. ஆனாலும் இந்த வருஷம் மாம்பூ பாதி கொட்டிவிட்டது, மிஞ்சின பெங்களூராவுக்கும் மாங்கூழ் ஆலையில் விலை இல்லை. தசமபாகம் கொடுத்தால் வானத்தின் பலகணிகளைத் திறந்து ஆசீர்வதிப்பேன் என்கிற மல்கியா 3:10 எனக்கு மட்டும் பொய்யா? என் விசுவாசத்தில் என்ன குறை?

ஐயா, குறை உங்கள் விசுவாசத்தில் என்று யார் சொன்னது? அப்படிச் சொன்னவர் தோப்பு வைத்திருக்கிறவராக இருக்க முடியாது.

பத்தாம் வசனத்திலிருந்து ஐந்தாம் வசனத்துக்கு ஏறிப் பாருங்கள். கூலிக்காரனின் கூலியைப் பிடித்துக்கொள்கிறவன், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவன், இவர்கள்மேலும்தான் அங்கே வழக்கு. பதினோராம் வசனம் திராட்சைக்கொடி பழமில்லாமல் போகாது என்கிறது, அதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் ஒன்பதிலும் பன்னிரண்டிலும் பேச்சு முழு ஜனத்தோடு, முழுத் தேசத்தைப் பற்றி. தனி ஒருவர் தோப்புக்கு எழுதிக் கொடுத்த பத்திரம் அல்ல அது. இயேசுவும் நீதிமான் நிலம், அநீதிமான் நிலம் என்று பார்க்காமல் பிதா மழை பெய்யப்பண்ணுகிறார் என்றுதான் சொன்னார். மழைக்குச் சொன்னது பூச்சிக்கும் விலைக்கும் பொருந்தும்.

உங்களுக்கு நான் கொடுக்கிற இடம் ஆபகூக் 3:17, 18. அத்திமரம் துளிர்க்கவில்லை, திராட்சை காய்க்கவில்லை, ஒலிவம் பொய்த்தது, வயலில் விளைச்சல் இல்லை, கிடையில் ஆடு இல்லை, தொழுவத்தில் மாடு இல்லை. இழப்பை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார். 'எல்லாம் சரியாகிவிடும்' என்று பூசி மெழுகவில்லை. அப்புறம்தான் 'ஆனாலும் நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்' வருகிறது. கல்தேயர் படை வரப்போகிறது என்று தெரிந்துகொண்டே பாடினவர். அவர் பாடியதால் படை திரும்பிப் போகவும் இல்லை. பலன் வந்தால் மட்டும் நம்புவேன் என்பதற்கு வேதம் வைத்திருக்கிற பெயர் விசுவாசம் அல்ல.

இன்னொன்று. பூங்கொத்தைத் தொட்டால் விரலில் பிசுபிசுப்பும் கறுப்பும் ஒட்டுகிறதா? தத்துப்பூச்சி. மாவு தூவினது போல வெள்ளையாக இருந்ததா? சாம்பல் நோய். பையூர் ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம்தானே. அடுத்த பூ வருவதற்கு முன்னால் போய்க் கேளுங்கள். ஜெபித்துவிட்டே போங்கள்.

கேள்வி (ஓசூர்): புதுவருஷ ஆராதனையில் தட்டிலிருந்து எடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் எனக்கு வந்த வசனம் 'கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்'. சிப்காட்டில் காண்ட்ராக்டில் வேலை பார்க்கிறேன். இந்த வருஷம் பெர்மனன்ட் ஆகும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

தம்பி, அது உபாகமம் 28:13. மோவாபில் நின்ற ஒரு ஜனத்துக்கு உடன்படிக்கையோடு சேர்த்துச் சொன்னது. பதினைந்தாம் வசனத்திலிருந்து சாபங்கள் ஆரம்பித்து அதிகாரம் முடிகிறவரை போகின்றன. இருபத்தேழாம் வசனத்தில் மூலவியாதி, சொறி, சிரங்கு எல்லாம் இருக்கிறது. அதை எந்த அச்சகத்திலும் அட்டை போட்டு நான் பார்த்ததில்லை. தட்டில் கைவிட்டு எடுத்ததில் நல்லது வந்தால் கர்த்தர் பேசினார் என்கிறோம். தட்டில் நல்லது மட்டும்தானே போட்டு வைத்திருக்கிறார்கள்?

அட்டையைக் கிழிக்கச் சொல்லவில்லை. அந்த அதிகாரத்தைப் படிக்க அழைப்பாக வைத்துக்கொள்ளுங்கள். வேலை விஷயத்துக்கு உங்கள் சம்பளச் சீட்டு, பிஎஃப் கணக்கு, ஒப்பந்தத் தாள் மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள். தொழிற்சங்கத்தில் பேசுங்கள்.

கேள்வி (தேன்கனிக்கோட்டை): எனக்கு அட்டையில் எரேமியா 29:11 வந்தது, 'உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே' என்கிற வசனம். ஆறு மாதமாகியும் ஒன்றும் நடக்கவில்லை.

பத்தாம் வசனம் எழுபது வருஷம் என்கிறது, சகோதரி. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம் அது. அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பிவரும் நாளைப் பார்த்திருக்கவே முடியாது. அவர்களுக்குச் சொன்னது ஐந்தாம் வசனத்தில்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் பலனைச் சாப்பிடுங்கள்.

கேள்வி (ஊத்தங்கரை): அம்மாவுக்கு ஒரு கூட்டத்தில் ஜெபித்தார்கள். 'சுகமாகிவிட்டது, மாத்திரை சாப்பிட்டால் அவிசுவாசம்' என்று ஊழியர் சொன்னதால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். சரியா?

சரியில்லை. இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள், மீதியை அப்புறம் படியுங்கள்.

பவுலோடு பயணம் பண்ணின லூக்கா வைத்தியர். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் கொடுத்தது கைவைப்பு ஜெபம் அல்ல, கொஞ்சம் திராட்சரசம். துரோப்பீமுவை வியாதியோடேயே மிலேத்துவில் விட்டுவிட்டு வந்ததாக அவரே எழுதுகிறார். இவர்களுக்கெல்லாம் விசுவாசம் இல்லையா? கடவுள் சுகமாக்கியிருந்தால் பரிசோதனையில் தெரியும். டாக்டரே மாத்திரையைக் குறைப்பார். மருந்தை நிறுத்து என்று மேடையில் சொல்கிறவர் நடுராத்திரியில் அம்மாவுக்கு மயக்கம் வந்தால் வண்டி பிடித்து வரமாட்டார்.

கேள்வி (பர்கூர்): அந்திக்கிறிஸ்து யார்?

என் பாடம் இல்லை.

கேள்வி (எலத்தகிரி): நான் கத்தோலிக்கன். நவநாள் முடித்தும் கேட்டது கிடைக்கவில்லை. திரும்பவும் தொடங்கலாமா?

நவநாள் ஒழுங்கை உங்கள் பங்குத்தந்தையிடம் கேளுங்கள், அதில் நான் தலையிடுவது முறையில்லை. கேட்டது கிடைக்காமல் ஜெபித்தவர்கள் வரிசையில் நீங்கள் பவுலுக்குப் பின்னால் நிற்கிறீர்கள் என்பதை மட்டும் சொல்வேன். தன்னை வருத்தின ஒரு பாடு நீங்க மூன்று தரம் கேட்டார், 'மாம்சத்தில் முள்' என்று அவர் சொன்ன அது போகவில்லை. 2 கொரிந்தியர் 12.

கேள்வி (மொரப்பூர்): சாதிச் சான்றிதழ் போய்விடும் என்று வெளியே கிறிஸ்தவன் என்று சொல்வதில்லை. ஞாயிறு சபைக்குப் போகிறேன், திங்கள் ஆபீசில் வாய் திறப்பதில்லை. பேதுரு மறுதலித்த கணக்கில் சேருமா?

உங்களை நியாயம் தீர்ப்பதற்கு முன்னால் சட்டத்தைப் பார்ப்போம். 1950 ஜனாதிபதி ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வைத்தது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். இது அநியாயம் என்பது என் கருத்து. ஞானஸ்நானம் எடுத்ததும் ஊர் அவனை வேறு தெருவில் குடிவைத்துவிடுவதில்லை. சில சபைகளிலேயே கல்லறைத் தோட்டம் தனித்தனியாக இருக்கிறது. ஆகையால் மேல்சாதிக் குடும்பத்திலிருந்து வந்த விசுவாசி ஒருவர் உங்களுக்கு 'தைரியமாக அறிக்கை செய்' என்று பாடம் எடுத்தால், அவர் எதை இழந்தார் என்று கேளுங்கள்.

இப்போது உங்களிடம். யோவான் 19:38, 39 படியுங்கள். அரிமத்தியா யோசேப்பு பயத்தினால் அந்தரங்கச் சீஷனாக இருந்தவர். நிக்கொதேமு முதலில் ராத்திரியில் வந்தவர். கூடவே இருந்தவர்கள் ஓடிப்போன அன்றைக்கு, பிலாத்துவிடம் போய் இயேசுவின் உடலைக் கேட்டு வாங்கினதும், வாசனைத் திரவியத்தோடு அடக்கம் பண்ண வந்ததும் இந்தப் பயந்தாங்கொள்ளிகள்தான். பயம் உங்களைக் கடவுளுக்கு வெளியே தள்ளிவிடவில்லை. ஆனால் பேசாமல் இருப்பது வேறு, பொய்யாக எழுதிக் கையெழுத்துப் போடுவது வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள். சட்டப்படி உங்கள் நிலை என்ன என்று வக்கீலிடம் கேளுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே கேட்கலாம்.

கேள்வி (அரூர்): நீட் இரண்டாவது தடவையும் போனதிலிருந்து மகன் அறையை விட்டு வருவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை, 'நான் இருந்து என்ன பண்ண' என்கிறான். உபவாசம் இருக்கச் சொல்கிறார்கள். விசுவாசம் குறைந்ததால்தான் சோர்வு என்கிறார்கள்.

அம்மா, பிள்ளையை உபவாசம் இருக்க வைக்காதீர்கள். 1 இராஜாக்கள் 19. அதற்கு முந்தின அதிகாரத்தில் கர்மேலில் அக்கினி இறங்கினதைப் பார்த்த எலியா, இங்கே சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து 'போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்' என்கிறார். தேவதூதன் வந்து கண்டித்தானா? விசுவாசம் எங்கே என்று கேட்டானா? தழலில் சுட்ட அடையும் ஒரு செம்பு தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார். தூதன் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை, மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேபில் கடவுள் பேசினது அதற்கெல்லாம் பிறகு.

'இருந்து என்ன பண்ண' என்ற பேச்சை லேசாக விடாதீர்கள். 'சாகணும் என்று தோன்றுகிறதா கண்ணு' என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது வீண் பயம். தனியாக விடாதீர்கள், பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் இன்றே வெளியே போகட்டும். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரமும் போன் பண்ணலாம், தமிழிலேயே பேசுவார்கள். அவன் பக்கத்தில் யாராவது சத்தமாகப் பிசாசு துரத்த வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி (பென்னாகரம்): மூன்றாவது போர்வெல் போடப் போகிறோம். முதல் இரண்டிலும் புழுதிதான் வந்தது. மாமனார் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவரைக் கூப்பிடலாம் என்கிறார். விசுவாசி கூப்பிடலாமா?

நான் கூப்பிடமாட்டேன். நம் ஊர் பாறை மண். தண்ணீர் பாறையின் வெடிப்பிலும் மேலே சிதைந்த அடுக்கிலும்தான் நிற்கும். நிலத்தில் கம்பி அடித்து மின்சாரம் செலுத்தி அளக்கிற நிலவியலாளரைக் கூப்பிடுங்கள். அதிலும் உத்தரவாதம் இல்லை, ஆனால் குருட்டாம்போக்கு குறையும்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். பாலக்கோட்டிலிருந்து ஒரு சகோதரர்: 'இவ்வளவு மென்மையாகச் சொல்கிறீர்களே, ஓசியா 4:12 கோலிடம் ஆலோசனை கேட்பதைக் கண்டிக்கிறது. இது குறிகேட்பது. பாவம்.' பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து உடனே: 'எங்கள் ஊரில் அவர் காட்டின இடத்தில் பீறிட்டு வந்தது. மோசே கோலால்தானே கன்மலையை அடித்தார்?' மூன்றாமவர்: 'இரண்டும் வேண்டாம். எங்கள் பாஸ்டர் எண்ணெய் பூசி ஜெபித்துப் புள்ளி வைத்துக் கொடுப்பார்.'

பாலக்கோட்டாருக்கு: ஓசியாவில் அந்த இடத்துப் பேச்சு விக்கிரகத்திடம் போனதைப் பற்றியது. தேங்காய்க்காரர் சூடம் கொளுத்தி, சாமி கும்பிட்டுப் பார்க்கிறார் என்றால் நீங்கள் சொல்வது நிற்கும். வேப்பங்குச்சியோடு சும்மா நடக்கிறார் என்றால் அது பாவம் என்பதைவிடப் பண விரயம்.

பாப்பிரெட்டிப்பட்டியாருக்கு: பள்ளம் எது, பக்கத்துக் கிணறு எது என்று அவருக்குக் கண்ணே சொல்லிவிடும். பீறிட்ட கிணறு ஊர் முழுக்கப் பேசப்படும், புழுதி வந்ததை யாரும் பேசுவதில்லை. மோசேக்கு எந்தக் கன்மலை என்று கடவுள் சொல்லியிருந்தார். எண்ணாகமம் 20இல் பேசச் சொன்ன கன்மலையை அடித்தார், அதனால் கானானுக்குள் போகவே முடியவில்லை. அந்த உதாரணத்தை விட்டுவிடுங்கள்.

மூன்றாமவருக்குத்தான் கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாஸ்டர் வைத்த புள்ளியில் புழுதி வந்தால் என்ன சொல்வார்? வீட்டுக்காரருக்கு விசுவாசம் போதவில்லை என்பார். அப்போது குடும்பத்துக்குக் கடனும் மிச்சம், குற்ற உணர்வும் மிச்சம். தேங்காயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எண்ணெய்க் குப்பியை வைத்தால் காரியம் மாறிவிடுமா?

கிணறு பற்றியே வேதத்தில் நல்ல அதிகாரம் இருக்கிறது, ஆதியாகமம் 26. ஈசாக்கு முதலில் தகப்பன் வெட்டி, பெலிஸ்தர் தூர்த்துப்போட்ட கிணறுகளைத் திரும்பத் தோண்டினார். அப்புறம் வேலைக்காரர் பள்ளத்தாக்கில் தோண்டினார்கள், மேட்டில் அல்ல. தண்ணீர் வந்தது, சண்டையும் வந்தது, ஏசேக்கு என்று பேரிட்ட அந்தக் கிணற்றை விட்டார். அடுத்த கிணறு சித்னாவையும் விட்டார். மூன்றாவது கிணறு ரெகொபோத்தில்தான் நிம்மதி. கடவுள் உன்னோடு இருப்பேன் என்று சொன்ன மனிதர்தான் இத்தனை தரம் மண்வெட்டி பிடித்தது. பென்னாகரத்துத் தம்பி, வறண்டுபோன உங்கள் பழைய குழியை மண் போட்டுத் தூர்க்காமல், திறந்து கிடக்கவும் விடாமல், மழைநீர் வடிகட்டி இறங்க வழி செய்ய முடியுமா, பண்ணைக்குட்டை வெட்ட இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தண்ணீர் வந்தாலும் குடிப்பதற்கு முன் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்து ஃபுளோரைடு பாருங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க ஆகாது. நம் மாவட்டத்துப் பிள்ளைகளின் பல்லில் இருந்த மஞ்சள் கறைக்கு அதுதான் காரணம். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததும் அதற்காகத்தான்.

பாலக்கோட்டார் மறுபடி: 'கிதியோன் ராத்திரியில் ஆட்டுத்தோல் போட்டு, அதில் மட்டும் பனி விழுகிறதா என்று கடவுளைச் சோதித்துப் பார்த்தது போல நாமும் அடையாளம் கேட்கலாமே?' தோல் போடுவதற்கு முன்பே கிதியோனுக்குப் பதில் வந்துவிட்டது. நியாயாதிபதிகள் 6:14. மேலே படியுங்கள் என்று எத்தனை தரம்தான் சொல்வது. போர்வெல் இத்தோடு போதும்.

கேள்வி (சூளகிரி): எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை...

ஓசூர்த் தம்பிக்குச் சொன்னதே.

கேள்வி (கிருஷ்ணகிரி): ஆபீசில் ஆயுதபூஜைப் பொரி கொடுத்தால் வாங்கலாமா? வாங்காவிட்டால் முகம் சுளிக்கிறார்கள்.

விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்று பேசுகிற 1 கொரிந்தியர் 8, 10 இரண்டையும் சேர்த்துப் படித்து உங்கள் சபை ஒழுங்கையும் பாருங்கள். சபைக்குச் சபை வித்தியாசம் உண்டு. வேண்டாம் என்றால் சிரித்த முகத்தோடு 'எனக்கு வேண்டாங்க அக்கா' என்று சொன்னால் போதும். பொரிப் பொட்டலத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வது சாட்சி அல்ல. கிறிஸ்துமஸ் கேக்கை அவர்கள் வாங்கிச் சாப்பிட்டதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி (காரிமங்கலம்): மைத்துனர் பேங்க் லோனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று விசுவாசத்தோடு போடலாமா?

போடாதீர்கள். நீதிமொழிகள் 22:26, 27: கட்ட வழியில்லாவிட்டால் நீங்கள் படுத்திருக்கிற படுக்கையையும் எடுத்துக்கொண்டு போவான் என்று எழுதியிருக்கிறது. கையிலிருந்து கொடுக்க முடிந்ததைத் திரும்பி வராது என்று நினைத்துக் கொடுங்கள். பத்திரத்தில் பெயர் வேண்டாம். மைத்துனர் கோபித்துக்கொண்டால் தர்மபுரி வாத்தியார் தடுத்துவிட்டார் என்று சொல்லிவிடுங்கள்.